ஜன்னல் கண்ணாடியும் நிறமில்லாத நீலக்கல்லும்

போடிநாயக்கனூர் பக்கம் நியூட்ரினோ ஆய்வகம் என்று பேச்செடுத்தால் சுரங்கம், வெடிமருந்து, போராட்டம், வழக்கு என்று வரிசையாக நினைவுக்கு வரும். கண்ணாடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இடுக்கி மாவட்ட எல்லையை ஒட்டிய பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து உள்ளே வைப்பதாக இருந்த கருவியின் கணக்கைப் பார்த்தால், 50,000 டன் இரும்புக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது கண்ணாடிதான். சுமார் 28,800 தட்டறைகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீள அகலத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள். அத்தனையையும் தரையில் பரப்பினால் 50 ஏக்கர் நிலத்தை மூடிவிடும்.

அது தொலைநோக்கியில் மாட்டுகிற லென்ஸ் கண்ணாடி அல்ல. வீட்டு ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் வாங்குகிற அதே 3 மி.மீ. கண்ணாடி. அதன் வழியாக ஒளி போக வேண்டிய தேவையும் இல்லை. இரும்புத் தகடுகளுக்கு நடுவே இருட்டில் கிடக்கப் போகிறது. பிறகு எதற்குக் கண்ணாடி?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நீலக்கல்லும் வழியில் வந்து சேர்ந்துகொள்ளும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தெற்கே ஏலமலை வரை நீளும் கேரள எல்லையில், இந்த இரண்டு பொருள்களும் அக்கம்பக்கமாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. இரண்டுமே ஒளி புகும் பொருள்கள். ஆனாலும் கருவி செய்பவர்கள் பல நேரம் ஒளிக்காக அவற்றைத் தேடுவதில்லை. உள்ளே அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதைப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்து மற்றதை விடுகிறார்கள்.

கூட்டமும் வரிசையும்

மணலில் உள்ள சிலிக்கா, சோடா உப்பு, சுண்ணாம்பு மூன்றையும் உருக்கி ஆற வைத்தால் ஜன்னல் கண்ணாடி. உருகிய குழம்பில் அணுக்கள் எப்படிக் கலைந்து கிடந்தனவோ, இறுகிய பிறகும் ஏறக்குறைய அப்படியே கிடக்கின்றன. கல்பாத்தி தேரன்று தெருவில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டால் எப்படியோ, அப்படி. பக்கத்தில் நிற்பவர் யார் என்று சொல்லலாம். பத்தாவது ஆள் எங்கே நிற்பார் என்று சொல்ல முடியாது.

நீலக்கல் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடு. இங்கே ஒவ்வோர் அணுவுக்கும் குறித்த இடம் உண்டு. ஒரு மூலையைப் பார்த்தால் மறுமூலை வரை அடுக்கு எப்படிப் போகும் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். இரும்பும் டைட்டானியமும் துளியளவு கலந்தால் கல்லுக்கு நீல நிறம் வரும், குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகும். இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிம வகை. இலங்கையின் இரத்தினபுரி நீலக்கற்கள் உலகப் புகழ் பெற்றவை. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் குருந்தம் உண்டு. கருவிகளுக்கு எடுப்பது இவற்றில் எதையும் அல்ல. ஆலையில் வளர்த்த, கலப்பில்லாத, நிறமே இல்லாத கல்.

அதை வளர்க்க வழி சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஆகஸ்ட் வெர்னூய். அவர் தன் முறையை அறிவித்தது 1902-ல். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எரியும் சுடர் வழியாக அலுமினியம் ஆக்சைடுத் தூளைச் சிறுகச் சிறுக விழ விட வேண்டும். சுமார் 2,050 டிகிரி செல்சியஸில் தூள் உருகி, கீழே உள்ள தண்டின் நுனியில் துளித்துளியாக உறைந்து, ஒரே படிகமாக மேலே வளரும். கைக்கடிகாரங்களுக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சிவப்புக் கற்கள் இப்படி வந்தவை. இன்று வேறு முறைகளில் 100 கிலோவைத் தாண்டிய ஒற்றைப் படிகங்களையும் வளர்க்கிறார்கள்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9, ஜன்னல் கண்ணாடி ஐந்தரை அளவில். காற்றில் பறக்கும் தூசியில் இருக்கும் மணல்துகளுக்கு 7. தூசி பட்டால் கண்ணாடி கீறும், நீலக்கல் கீறாது என்பதற்கு இந்த மூன்று எண்களே விளக்கம். விலை கூடிய கைக்கடிகாரங்களின் முகப்பில் நீலக்கல் பதிப்பதும் அதனால்தான். கடினம் ஒன்றுதான் கணக்கு என்றால் எல்லாக் கருவியிலும் நீலக்கல்லையே போட்டுவிடலாம். அப்படிச் செய்வதில்லை.

கஞ்சிக்கோட்டில் தண்ணீரை அளத்தல்

வாளையாறைத் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தால் வரும் தொழிற்பேட்டை கஞ்சிக்கோடு. மத்திய அரசின் கனரகத் தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் இங்கே இருக்கிறது. தண்ணீர், எண்ணெய், காற்று ஆகியவற்றின் ஓட்டத்தை அளக்கும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவது இதன் முக்கிய வேலை. சோதனையின் அடிப்படை எளிது. மீட்டர் வழியாகப் போன தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, எத்தனை நொடியில் எத்தனை கிலோ சேர்ந்தது என்று எடை போட்டு, மீட்டர் சொன்ன கணக்கோடு ஒப்பிடுவது.

ஓட்டத்தை அளக்கும் கருவிகளில் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடியது ரோட்டாமீட்டர். மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயோடு மாட்டியிருக்கும் சிறிய குழாயும் உள்ளே மிதக்கும் குண்டும் இதே வகைதான். ஜெர்மனியின் ஆகன் நகரில் கார்ல் குப்பர்ஸ் 1908-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். குழாய் நேராக இருக்காது. அடியில் குறுகி, மேலே போகப் போக மிக இலேசாக அகலும். கீழிருந்து வரும் ஓட்டம் உள்ளே இருக்கும் மிதவையைத் தூக்கும். மிதவை உயர உயர அதற்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இடைவெளி கூடும், தள்ளும் விசை குறையும். விசையும் மிதவையின் எடையும் சமமாகும் உயரத்தில் மிதவை நின்றுவிடும். அந்த உயரம்தான் அளவு.

ஆக, இந்தக் கருவியின் துல்லியம் முழுவதும் குழாயின் உட்புறச் சரிவில் இருக்கிறது. அந்தச் சரிவைக் கண்ணாடியில் கொண்டுவருவது எப்படி? துல்லியமாகக் கடைந்த எஃகுத் தண்டின் மேல் கண்ணாடிக் குழாயைச் செருகி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டே சூடாக்குவார்கள். கண்ணாடி இளகித் தண்டின் மேல் படிந்துகொள்ளும். ஆறும்போது எஃகு கூடுதலாகச் சுருங்குவதால் தண்டைச் சிரமமில்லாமல் உருவிவிடலாம். இது நடப்பதற்குக் காரணம், கண்ணாடிக்கு இன்ன வெப்பத்தில் உருகும் என்று ஒரு புள்ளி இல்லை. சூடேற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இளகும். கலைந்து நிற்கும் அணுக்களில் சில பிணைப்புகள் முன்னே தளரும், சில பின்னே தளரும். நீலக்கல்லோ 2,050 டிகிரி வரை திடமாக நின்று, அதைத் தாண்டினால் ஒரேயடியாக நீராகிவிடும். அதை இளக்கி வளைக்க இடமே கிடையாது; அறுத்தும் தேய்த்தும்தான் வடிவம் கொண்டுவர வேண்டும்.

குழாய்க்கு எடுப்பது பெரும்பாலும் போரோசிலிகேட் கண்ணாடி. சூடானால் இது விரியும் அளவு ஜன்னல் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான். சூடான திரவம் திடீரென்று ஏறினாலும் குழாய் எளிதில் வெடிக்காது, கோடுகளின் அளவும் அதிகம் மாறாது.

வீட்டுத் தண்ணீர் மீட்டருக்கு வந்தால் கதை மாறுகிறது. அதற்குள் ஒரு சிறு சக்கரம் தண்ணீரின் வேகத்துக்கு ஏற்பச் சுற்றும். சக்கரத்தின் அச்சு முனை ஒரு கிண்ணக் குழியில் உட்கார்ந்து வருடக்கணக்கில், ராப்பகலாக உரச வேண்டும். பல மீட்டர்களில் அந்தக் கிண்ணம் செயற்கை நீலக்கல்லால் ஆனது. குழி தேய்ந்து உராய்வு கூடினால் முழுக்குழாயும் திறந்திருக்கும்போது வித்தியாசம் தெரியாது. குழாய் சொட்டும்போதுதான் தெரியும்: தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், சக்கரம் சுற்றாது. அப்படிக் கணக்கில் ஏறாமல் போகும் தண்ணீர் ஓர் ஊர் முழுக்கச் சேர்ந்தால் குடிநீர் வாரியத்துக்கு நட்டம் சிறிதல்ல. இந்த இடத்தில் இளகும் குணத்தால் பயனில்லை. இறுக்கமான வரிசையும் அதனால் வரும் கடினமும் வேண்டும். கடிகாரத்துக்குக் கல் பதிக்கும் உரிமையை ஃபாசியோ டி டுயிலியேவும் டெபோஃபர் சகோதரர்களும் லண்டனில் 1704-ல் பெற்றார்கள். அன்று கண்ட காரணம் இன்றும் மாறவில்லை.

ஏலக்காய்க்கு வந்த சோதனை

தெற்கே இறங்கினால் ஏலமலை. இடுக்கியில் விளையும் ஏலக்காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வருகிறது. நிறம், பருமன், லிட்டர் எடை பார்த்து விலை சொல்வதை வியாபாரிகளின் கண்ணும் கையும் கவனித்துக்கொள்ளும். பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்கும் கைக்கும் எட்டாதது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு சொல்லப்படாத மருந்துகளுக்குப் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டன் காயில் 10 மில்லிகிராம் என்பதுதான் இதன் பொருள்.

இவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்க ஆய்வகங்கள் நம்பும் கருவிகளில் ஒன்று திரவ நிறப்பிரிகை. ஆய்வகத்தார் வாயில் எச்.பி.எல்.சி. காயின் சாற்றைக் கரைப்பானோடு சேர்த்து, மிக நுண்ணிய துகள்கள் நெருக்கமாக அடைக்கப்பட்ட குழாய் வழியாகத் தள்ளுவார்கள். ஒவ்வொரு பொருளும் துகள்களோடு ஒட்டி உறவாடும் அளவு வேறு. ஆகவே ஒவ்வொன்றும் வேறு வேறு நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். நெருக்கமான அடைப்பு என்பதால் தள்ளுவதற்குச் சாதாரண அழுத்தம் போதாது. வளிமண்டல அழுத்தத்தைப் போல் 400 மடங்கு வரை போகும். புதிய கருவிகளில் ஆயிரத்தைத் தாண்டும்.

அந்தப் பம்பைத் திறந்து பார்த்தால் உள்ளே விரற்கடை நீளத்தில், மூன்று மில்லிமீட்டர் தடிமனில், கண்ணாடிக் குச்சி மாதிரி ஒன்று தெரியும். அது நீலக்கல் பிஸ்டன். பக்கத்தில் உள்ள தடுப்பு வால்வில் ஒரு மாணிக்க உருண்டை, நீலக்கல் இருக்கையின் மேல் உட்கார்ந்திருக்கும். பிஸ்டன் பின்னே வரும்போது ஓர் உருண்டை எழும்பிக் கரைப்பானை உள்ளே விடும். முன்னே போகும்போது அதே உருண்டை இருக்கையில் அமர்ந்து வழியை அடைக்க, எதிர்ப்பக்க உருண்டை எழும்பும். கல்லும் கல்லும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தித் துளியும் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த நொடியிலேயே மறுபடி திறக்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை.

எஃகுப் பிஸ்டனைக் கரைப்பான்களும் உப்புக் கரைசல்களும் நாளடைவில் அரிக்கக்கூடும். கண்ணாடிப் பிஸ்டன் கீறும், உடையும். நீலக்கல்லை இந்தக் கரைப்பான்கள் சீண்டுவதில்லை. அதன் முகத்தை மிக வழவழப்பாகத் தேய்த்துவிடலாம் என்பதால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சீல் நீண்ட நாள் உழைக்கும். இவ்வளவு உறுதியான பொருளுக்கும் ஒரு பகை உண்டு. அது ஆய்வகத்துச் சோம்பல். உப்புக் கரைசல் ஓடிய பம்பைக் கழுவாமல் இரவில் நிறுத்திவிட்டுப் போனால், பிஸ்டனின் மேல் உப்புப் படிகங்கள் பூக்கும். காலையில் பம்பு ஓடியதும் அந்தப் படிகங்கள் சீலை அறுத்துவிடும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கசிவு தொடங்கிவிடும். அழுத்தம் ஏறி இறங்கும், திரையில் நேராக ஓட வேண்டிய கோடு அலை அலையாக நெளியும். அதனால்தான் வேலை முடிந்ததும் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுவது, பிறகு கரைப்பான் விட்டு நிறுத்துவது என்பது இந்தக் கருவியைத் தொடுபவர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்றாக இருக்கிறது.

மலைக்குள் வைக்க நினைத்த கண்ணாடி

இனி அந்த 50 ஏக்கர் கண்ணாடிக்கு வருவோம்.

நியூட்ரினோ மின்னேற்றம் இல்லாத, எதனோடும் அநேகமாக மோதாத துகள். சூரியனிலிருந்து மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கடந்து போகின்றன. எப்போதாவது ஒன்று அணுவோடு மோதும். போடி மலைக் கருவி எதிர்பார்த்தது, பூமியின் வளிமண்டலத்தில் பிறக்கும் கூடுதல் ஆற்றல் கொண்ட நியூட்ரினோக்களை. அவற்றில் ஒன்று இரும்போடு மோதினால் மியூவான் என்ற மின்னேற்றத் துகள் பிறந்து, பல அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு ஓடும். மியூவான் போன தடத்தைக் குறித்துவிட்டால் நியூட்ரினோவைக் கணிக்கலாம். சிக்கல் என்னவென்றால், விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் மியூவான்கள் மேலேயிருந்து ஓயாமல் பொழிகின்றன. தரைமட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று. ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை தலைக்கு மேல் இருந்தால் அந்த மழை பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். மலையைத் தேடிப் போனது இதற்காகத்தான்.

இந்தியாவுக்கு இது புது வேலை அல்ல. வடஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவின் தடம் 1965-ல் பதிவானது. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து செய்த ஆய்வு அது. எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அதில் முன்னின்றவர்கள். அந்தக் கருவியிலும் கண்ணாடி இருந்தது: நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களின் அடுக்குகள். துகள் போனதும் உயர் மின்னழுத்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், துகள் துளைத்த குழாய்கள் மட்டும் சிவப்பாக மின்னும். அதைக் கேமரா படம் பிடிக்கும். கோலாரில் கண்ணாடியின் வேலை வாயுவை அடைத்து வைத்து ஒளியை வெளியே விடுவது.

போடி மலைக்குத் திட்டமிட்ட கருவியில் கண்ணாடியின் வேலை வேறு. ஆர்.பி.சி. என்று சொல்லப்படும் தட்டறையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி. இடைவெளி எங்கும் ஒரே சீராக இருக்க, நடுநடுவே சிறு பிளாஸ்டிக் பொத்தான்களை ஒட்டியிருப்பார்கள். உள்ளே வாயுக் கலவை ஓடிக்கொண்டிருக்கும். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஆர்-134ஏ, கார் ஏ.சி. மெக்கானிக்குகள் நன்கு அறிந்த அதே வாயு. தகடுகளின் வெளிப்பக்கம் கிராஃபைட் பூச்சு. அதில் சுமார் 10,000 வோல்ட்.

மியூவான் குறுக்கே போனால் வாயு அணுக்களிலிருந்து சில எலக்ட்ரான்கள் பிய்ந்து வரும். 10,000 வோல்ட் அவற்றை இழுக்கும். அவை ஓடுகிற வழியில் மற்ற அணுக்களை மோதி இன்னும் எலக்ட்ரான்களைக் கிளப்பும். ஒன்று பலவாகிப் பல கோடியாகும். தகடுகள் உலோகமாக இருந்தால் தகட்டின் மேல் உள்ள மின்னேற்றம் முழுவதும் அந்த ஒரு புள்ளிக்கு ஓடி வந்து பெரும் பொறியாக வெடித்துவிடும்; மொத்தத் தட்டறையும் கண்ணை மூடிக்கொள்ளும். கண்ணாடியில் அப்படி ஆகாது. மின்னேற்றம் அதன் வழியே மிக மிக மெதுவாகத்தான் நகரும். எலக்ட்ரான்கள் வந்து விழுந்த சின்னஞ்சிறு வட்டத்தில் மட்டும் மின்புலம் தணிந்து பெருக்கம் தானாக அடங்கிவிடும். தகட்டின் மற்ற இடமெல்லாம் அடுத்த துகளுக்குத் தயாராக நிற்கும். அணைந்த வட்டமும் ஏறக்குறைய ஒரு நொடியில் மீண்டுவிடும். ஒரு நொடி என்பது இத்தகைய கருவியில் நீண்ட நேரம்தான். ஆனால் மலைக்கு அடியில் அதே இடத்தில் அடுத்த துகள் அவ்வளவு சீக்கிரம் வராது.

அந்த ஒரு நொடிக் கணக்கு எங்கிருந்து வருகிறது? ஜன்னல் கண்ணாடியில் சேர்த்த சோடாவிலிருந்து. சோடியம் அயனிகள் கலைந்த சிலிக்காக் கூட்டத்தின் சந்துபொந்துகளில் மெல்ல நகர்வதால்தான் கண்ணாடிக்குத் துளியாவது மின்கடத்தல் உண்டு. சோடா சேராத சுத்த சிலிக்காக் கண்ணாடி விலை அதிகம், தரமும் அதிகம் என்பார்கள். அதை இங்கே போட்டால் அதன் மின்தடை பல்லாயிரம் மடங்கு கூடுதல் என்பதால் அணைந்த இடம் லேசில் மீளாது. நீலக்கல்லைப் போட்டாலும் அதே கதி. கலப்படமுள்ள, மலிவான ஜன்னல் கண்ணாடிதான் இந்த வேலைக்கு ஏற்றது! உருகிய வெள்ளீயக் குழம்பின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்க விட்டுத் தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்தது. அதில் வரும் கண்ணாடியின் இரு முகமும் தேய்க்காமலே சமதளமாக இருக்கும். இந்த ஆய்வுக்கு எடுத்துப் பார்த்த கண்ணாடிகளில் அசாஹி, செயின்ட் கோபைன் போன்ற கடை வகைகளே இருந்தன.

தட்டறைக்குள் நடக்கும் பெருக்கத்தை வெளியே வைத்த செப்புப் பட்டைகள் தொடாமலே உணர்ந்துகொள்கின்றன. நிலையான மின்னேற்றத்தைத் தடுக்கும் கண்ணாடியும் கிராஃபைட்டும், நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் வந்து போகும் துடிப்பைத் தடுப்பதில்லை. மேலே ஒரு வரிசை, அதற்குச் செங்குத்தாகக் கீழே ஒரு வரிசை என்று பட்டைகள் இருப்பதால் துகள் எந்தக் கட்டத்தில் போனது என்று தெரிந்துவிடும். நேரம் இவ்வளவு நுட்பமாகத் தெரிவதால், மியூவான் மேலிருந்து கீழே போனதா, பூமியைத் துளைத்து வந்த நியூட்ரினோவால் கீழிருந்து மேலே வந்ததா என்றும் சொல்லிவிடலாம்.

கண்ணாடிக்கும் பகை உண்டு. ஜப்பானின் சுகுபா நகரில் பெல் என்ற ஆய்வுக்குக் கண்ணாடித் தட்டறைகளை அமைத்தபோது, தொடக்கத்திலேயே அவற்றின் திறன் சரியத் தொடங்கியது. வாயுவைக் கொண்டுவந்த பிளாஸ்டிக் குழாய்களின் சுவர் வழியாக வெளிக்காற்றின் ஈரம் ஊடுருவி உள்ளே போயிருந்தது. ஆர்-134ஏ வாயுவில் ஃபுளோரின் இருக்கிறது. மின்பெருக்கத்தின்போது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகும். கண்ணாடியை அரிக்கும் அமிலம் அது. செப்புக் குழாய்களுக்கு மாறி ஈரத்தைத் தடுத்த பிறகே நிலைமை சீரானது. மழைக்காலம் நீண்ட மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்ணாடித் தட்டறை வைப்பவர்கள் மறக்கக் கூடாத பாடம்.

போடி மலைக்குள் தட்டறைகளை வைக்கும் நாள் வரவில்லை. 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஆய்வக இடம் இடுக்கி மாவட்டத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வருகிறது என்பதைச் சுட்டி, 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. 2018-ல் புதிய அனுமதி கிடைத்தது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழியில் இடம் இருப்பதால் அனுமதிக்க விருப்பமில்லை என்று தமிழக அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதே வடிவமைப்பில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டு, அதில் கண்ணாடித் தட்டறைகள் மியூவான் தடங்களைப் பதிவு செய்திருக்கின்றன. காட்டை எடைபோட்டு முடிவெடுப்பது ஒன்று, கண்ணாடியின் திறமை இன்னொன்று. கண்ணாடி தன் பங்கை நிரூபித்துவிட்டது.

குளிரில் மாறும் கணக்கு

இரண்டு பொருள்களும் நேருக்கு நேர் நிற்கும் இடமும் ஒன்று உண்டு: ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவி. எங்கோ கருந்துளைகள் மோதினால் வெளியே நெளிவு பரவும். அது பூமியைத் தொடும்போது, கிலோமீட்டர் கணக்கில் தள்ளித் தொங்கும் கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரம் புரோட்டானின் அகலத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு மாறும். இதை அளக்க முயலும்போது கண்ணாடியின் சொந்த அணுக்கள் வெப்பத்தால் நடுங்குவதே பெரும் இடைஞ்சல்.

அமெரிக்காவின் லைகோ 40 கிலோ எடையுள்ள சுத்த சிலிக்காக் கண்ணாடிகளைச் சாதாரண அறை வெப்பத்தில் தொங்கவிடுகிறது. 2023-ல் ஒப்புதல் பெற்று மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் வரவிருக்கும் லைகோ-இந்தியாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஜப்பானின் காக்ரா வேறு வழியில் போனது. கமியோகா சுரங்க மலைக்குள் 3 கிலோமீட்டர் நீளமுள்ள இரு கைகள், அவற்றில் சுமார் 23 கிலோ எடையும் 22 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட நீலக்கல் ஆடிகள். அவற்றைத் தாங்குவதும் 1.6 மி.மீ. தடிமனுள்ள நீலக்கல் இழைகளே. மொத்தத்தையும் 20 கெல்வின் அளவுக்கு, அதாவது மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வரை, குளிர வைப்பது திட்டம்.

குளிர வைப்பதானால் சிலிக்காவே போதாதா? போதாது. கலைந்து நிற்கும் அணுக்களில் சில, இரண்டு நிலைகளுக்கு இடையே தாவிக்கொண்டே இருக்கும். குளிரில் இந்தத் தாவல் அதிர்வை விழுங்கத் தொடங்குவதால் அறை வெப்பத்தில் அருமையாக இருந்த சிலிக்கா குளிரில் கெட்டுப்போகிறது. வரிசையாக நிற்கும் நீலக்கல் அணுக்களில் இந்தத் தாவல் இல்லை. குளிரக் குளிர அது மேம்படுகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனும் தாழ்வெப்பத்தில் பல மடங்கு கூடுவதால் லேசர் தரும் சூட்டை இழை வழியாகவே வெளியேற்றிவிடலாம். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருள்பொருளைத் தேடிய கிரெஸ்ட் ஆய்வும் தொடக்கத்தில் 262 கிராம் நீலக்கல் படிகங்களைத்தான் நம்பியது. அத்தனை குளிரில் அந்தப் படிகத்தை ஒரு துகள் மோதினாலே, உயரும் வெப்பத்தை அளந்துவிட முடிந்தது.

இதிலும் நீலக்கல்லுக்கு முழு வெற்றி இல்லை. வரிசை என்றால் திசையும் உண்டு. ஒரு திசையில் அதிரும் ஒளிக்கும் இன்னொரு திசையில் அதிரும் ஒளிக்கும் நீலக்கல்லில் வேகம் வேறு. பெரிய படிகத்தில் இந்த வேறுபாடு இடத்துக்கு இடம் சற்றே மாறுவது காக்ராவுக்குத் தலைவலியாக இருந்துவருகிறது. எல்லாத் திசையும் ஒன்றேயான கண்ணாடியில் இந்தத் தொல்லை கிடையாது.

ரோட்டாமீட்டருக்கு இளகும் கண்ணாடி, தண்ணீர் மீட்டருக்குத் தேயாத நீலக்கல், நியூட்ரினோவுக்குச் சோடா கலந்த ஜன்னல் கண்ணாடி, கடுங்குளிருக்கு மறுபடி நீலக்கல். இதில் எது உயர்ந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. விலை கூடியது எது என்று கேட்பது நகை வாங்கப் போகிறவர் கேள்வி. கருவி செய்பவர் கேட்பது இந்த வேலைக்கு அணுக்கள் வரிசையாக நிற்க வேண்டுமா, கலைந்து நிற்க வேண்டுமா என்று. அதற்குச் சரியான பதில் தெரிந்தவருக்கு, சில நேரம் கடைத்தெருவில் சதுர அடிக் கணக்கில் விற்கும் கண்ணாடியே போதும்.